ஒருவர் தலையில் விழும் முதுமை

வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி ஒன்றியத்தில், 65 வயதைக் கடந்த 1,000 பேரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நேரில் சந்தித்துப் பேசினார்கள். கிடைத்த முடிவுகளை 2009இல் வெளியிட்டார்கள். முந்தைய ஒரு மாதத்துக்குள் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தவர்கள் 12.7 சதவீதம். எட்டுப் பேருக்கு ஒருவர். சலிப்பு, வருத்தம் என்று நாம் அன்றாடம் சொல்வதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. மருத்துவ வரையறைக்குள் வரும் நோயை மட்டுமே எண்ணினார்கள்.

எண்ணிக்கையைவிட அந்த ஆய்வு சொல்லும் காரணங்கள்தான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தன. வயது ஏற ஏற மனம் தளரும், பெண்களுக்குத்தான் இது அதிகம், உடம்பு முடங்கினால் மனமும் முடங்கிவிடும் என்றெல்லாம் நாம் நினைத்துக்கொள்கிறோம். எல்லாக் காரணங்களையும் ஒன்றோடொன்று வைத்து அலசியபோது, கணியம்பாடியில் இவற்றில் ஒன்றுகூடத் தனித்து நிற்கவில்லை. நின்றவை வேறு: குறைந்த வருமானம், இதய நோய், சர்க்கரை நோய், எப்போதோ தலையில் பட்ட அடி. அவற்றோடு பசி. பட்டினி கிடக்க நேர்ந்த முதியவருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மனச்சோர்விலிருந்து காப்பது எது என்று பார்த்தால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மனம் விட்டுப் பேச ஆட்கள் அதிகம் இருந்தவர்களை இந்த நோய் அண்டுவது வெகுவாகக் குறைந்திருந்தது.

சாப்பாடும் பேச்சுத்துணையும். மனநல மருத்துவம் என்றதும் நம் மனதில் மாத்திரையும் மருத்துவமனையும்தான் வருகின்றன. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில் முதியவர் ஏன் பசித்திருக்கிறார் என்று கேட்டால், அரிசி இருந்தும் ஆக்கிப்போட ஆள் இல்லாமல் இருக்கலாம், ஆக்கியதைக் கேட்டு வாங்கத் தயக்கமாக இருக்கலாம், பல் இல்லாதவருக்கு அந்தச் சோறு இறங்காமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 'ஓஏபி பணம்' என்று ஊரில் சொல்லும் அந்தத் தொகையை மனநலத் திட்டங்களின் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. கணியம்பாடி ஆய்வை வாசித்த பிறகு, அதைச் சேர்க்காமல் இருப்பது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாடு முழுவதற்குமான படம் 2017-18இல் நடந்த முதுமை குறித்த நெடுங்கால ஆய்வின் முதல் சுற்றில் கிடைத்தது. 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டவர்களிடம் தகவல் திரட்டிய மிகப் பெரிய ஆய்வு அது. 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினருக்குக் கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஆனால், 'எனக்கு மனச்சோர்வு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார்' என்றவர்கள் 0.8 சதவீதம்தான். பத்துப் பேருக்கு நோய் இருந்தால் ஒருவருக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

மற்ற ஒன்பது பேரும் மருத்துவரிடம் போகாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பலர் மாதம் தவறாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் வாங்கி வருகிறவர்கள். 'மனசு சரியில்லை' என்று அங்கே சொல்ல மாட்டார்கள். 'உடம்பெல்லாம் ஒரே வலி', 'வாய் ருசிக்கலை', 'ராத்திரி கண்ணு மூடலை', 'கைகால் ஓஞ்சு போச்சு' என்பார்கள். வலிக்கு ஒரு மாத்திரை, சத்துக்கு ஒரு டானிக் என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வரிசையில் பின்னால் அறுபது பேர் நிற்கும்போது அந்த மருத்துவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கூட வந்த மகனோ மகளோ, 'வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்' என்று முடித்துவிடுவார்கள். முதியோர் மனச்சோர்வைக் கண்டறிய 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் யெசவேஜ் குழுவினர் உருவாக்கிய வினாப்பட்டியலில் தூக்கம், பசி, உடல்வலி பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். அந்த வயதில் அவை வேறு நோய்களாலும் வரும் என்பதே காரணம். வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா, அடிக்கடி அலுப்புத் தட்டுகிறதா, வெளியே போவதைவிட வீட்டிலேயே கிடக்கத் தோன்றுகிறதா என்று, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும்படியான எளிய கேள்விகள். சுருக்கிய வடிவத்தில் 15 கேள்விகள். ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு செவிலியரே கேட்கலாம்.

இதுவரை சொன்னது முதியவரைப் பற்றி. அதே வீட்டில் இன்னொருவர் இருக்கிறார்.

1980இல் ஸ்டீவன் ஜாரிட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். மறதி நோய் கண்ட 29 முதியவர்கள், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் 29 பேர். எவ்வளவு பாரமாக உணர்கிறீர்கள் என்பதை அளக்க ஒரு வினாப்பட்டியல் தயாரித்தார்கள். இன்று உலகம் முழுவதும் பராமரிப்பாளர் சுமையை அளக்கப் பயன்படும் 'ஜாரிட் அளவுகோல்' அதிலிருந்து வந்ததுதான். நோய் முற்ற முற்ற, தொல்லைகள் கூடக் கூட, பாரமும் கூடும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி வரவில்லை. மறதியின் அளவோடும் நடத்தைத் தொல்லைகளோடும் பார உணர்வு ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போனது ஒன்றோடுதான்: மற்ற உறவினர்கள் எத்தனை முறை வந்து பார்க்கிறார்கள் என்பதோடு. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் அடிக்கடி வந்து போகும் வீட்டில் பராமரிப்பவரின் பாரம் குறைவாக இருந்தது.

29 பேரை வைத்துச் செய்த ஆய்வு பெரிய ஆய்வல்ல. பின்னால் வந்த பல ஆய்வுகள் நடத்தைத் தொல்லைகளும் பாரத்தைக் கூட்டவே செய்கின்றன என்று காட்டியுள்ளன. ஆனாலும் ஜாரிட் தொட்ட இடம் சரியான இடம். கணியம்பாடியில் முதியவரைக் காத்ததும், அமெரிக்காவில் பராமரிப்பவரைத் தாங்கியதும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுக்குள் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பது. அவர்கள் வந்து என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இந்த இரண்டாவது விஷயம் முக்கியம்.

எனக்கு நன்கு தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். மாமியாருக்கு எண்பதை ஒட்டிய வயது, டிமென்ஷியா என்னும் மறதி நோய். பார்த்துக்கொள்பவர் மருமகள். காலையில் மூன்று இட்லி ஊட்டி, வாய் துடைத்து, வாசல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போவார். தட்டு கழுவிக் கவிழ்ப்பதற்குள் திண்ணையிலிருந்து குரல் கேட்கும். 'காலையிலேர்ந்து பச்சத்தண்ணிகூடத் தரலம்மா' என்று தெருவில் போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். சொல்வது பொய்யல்ல, சாப்பிட்டது அவர் நினைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருவார், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார். 'இப்படித் தேஞ்சு போயிட்டாங்களே அண்ணி, வேளாவேளைக்குக் குடுக்குறீங்கல்ல?' என்பார். ஒரு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு கேள்வி மருமகளை அடுத்த ஞாயிறு வரை வாட்டும். வருகை நடந்ததா என்றால் நடந்தது. பாரம் குறைந்ததா என்றால் கூடியது.

கேரளத்தின் திருச்சூர்ப் பகுதியில் மனநல மருத்துவர் கே. எஸ். ஷாஜியும் குழுவினரும் மறதி நோயாளிகளின் குடும்பத்தினரிடம் பேசி 2003இல் வெளியிட்ட ஆய்வு இதே நிலையைத்தான் காட்டியது. பார்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் மருமகள்கள். நோயின் அறிகுறிகளைக் குடும்பம் வேண்டுமென்றே செய்யும் அடமாகப் பார்த்தது. அதனாலேயே வீட்டுக்குள் சண்டை மூண்டது. நோய் என்னவென்று ஒருவரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கவில்லை. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். ஒரு முதியவர் படுக்கையில் விழும்போது, ஏற்கெனவே ஐந்து மணி நேரம் கொடுத்துக்கொண்டிருப்பவரின் கணக்கில்தான் மிச்சமும் ஏறுகிறது.

மேலே சொன்ன அதே வீட்டில் பொழுது சாய்ந்ததும் இன்னொரு தொல்லை தொடங்கும். மாமியார் இரண்டு புடவையைத் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு, 'வீட்டுக்குப் போகணும், அப்பா தேடுவாரு' என்று வாசலுக்கு நடப்பார். முதலில் மருமகள் விளக்கிப் பார்த்தார். இதுதான் உங்க வீடு அத்தை, உங்க அப்பா போய் அம்பது வருஷமாச்சு என்றால், அப்பா செத்த சேதியை அன்றுதான் கேட்பதுபோல அந்தம்மா கதறி அழுவார். பிறகு யாரோ ஒரு செவிலியர் சொல்லிக் கொடுத்தார். எதிர்த்துப் பேசாதீர்கள், கூடவே கிளம்புங்கள் என்று. அதிலிருந்து மருமகள் செருப்பை எடுத்து மாட்டிவிட்டு, 'வாங்க அத்தை, போலாம்' என்று தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை கைபிடித்து அழைத்துப் போய், அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிடுவார். உள்ளே வந்ததும் அந்தம்மா மூட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் காபி கேட்பார். பாதி நாட்கள் இது பலிக்கும். பாதி நாட்கள் பலிக்காது. இதைச் சொல்லிக் கொடுக்க அந்தச் செவிலியருக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. அதற்கு முன்னால் அந்த மருமகள் எத்தனையோ மாலைகளை அழுகையிலேயே கழித்திருந்தார்.

இப்படிச் சொல்லிக் கொடுப்பதையே ஒரு திட்டமாகச் செய்து பார்த்தார்கள் கோவாவில். மருத்துவர் அமித் டயஸ் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2008இல் வெளியானது. மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்கள். பாதிப் பேருக்கு உடனே உதவி, மீதிப் பேருக்குப் பிறகு. உதவிக்குப் போனவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது வீட்டுக்குப் போனார்கள். நோயை விளக்கினார்கள், தொல்லைகளைச் சமாளிக்கும் வழி சொன்னார்கள், அரசு உதவிகளுக்கு மனுப் போடக் கைகொடுத்தார்கள், இப்படிப்பட்ட இன்னொரு குடும்பத்தோடு பேச வைத்தார்கள், தேவைப்பட்டால் மனநல மருத்துவரை அழைத்து வந்தார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டிருந்தது. லண்டனில் ஜில் லிவிங்ஸ்டன் குழு 260 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்விலும் எட்டே அமர்வுகள்தான்; நடத்தியவர்கள் மருத்துவப் பயிற்சி இல்லாத உளவியல் பட்டதாரிகள். அதன் பலன் ஆறு ஆண்டுகள் கழித்தும் தெரிந்தது.

ஆனால் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் செய்ததுதான் என்பேன். அவர் செய்ததில் புதுமை என்று பார்த்தால், பராமரிப்பவரை மட்டும் உட்கார வைத்து ஆறுதல் சொல்லவில்லை. மொத்தம் ஆறு அமர்வுகள்; அதில் இரண்டுதான் பராமரிப்பவருக்குத் தனியாக. மற்ற நான்கும் அவர் சொல்லும் உறவினர்களையும் சேர்த்து உட்கார வைத்து. கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டிருந்த 206 பேரின் குடும்பங்களை வைத்து 1996இல் வெளியிட்ட முடிவின்படி, இந்த உதவி கிடைத்த குடும்பங்களில் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நாள் சராசரியாக 329 நாட்கள் தள்ளிப்போனது. 406 பேரை வைத்து 2006இல் வெளியிட்ட முடிவில் அது 557 நாட்கள். எந்த மறதி நோய் மாத்திரையும் இந்த அளவுக்குக் குடும்பத்துக்கு அவகாசம் வாங்கிக் கொடுத்ததாக நான் வாசித்ததில்லை.

நம் ஊரில் இப்படி ஒரு அமர்வு நடந்தால் எப்படி இருக்கும்? கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சொத்துப் பிரிக்கவும் உட்கார்ந்து பேசத் தெரிந்த குடும்பங்கள்தான் நம்முடையவை. அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று மட்டும் உட்கார்ந்து பேசுவதில்லை. அது தானாக ஒருவர் தலையில் விழுந்துவிடுகிறது. பெரும்பாலும் உள்ளூரில் இருப்பவர், வேலைக்குப் போகாதவர், அல்லது கல்யாணம் ஆகாத மகள். அதன் பிறகு பேச்செடுத்தாலே 'பெத்தவங்கள பாரம்னு நினைக்கிறியா?' என்ற கேள்வி வந்து வாயை அடைத்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறார்; அதோடு தன் பங்கு முடிந்தது என்று நினைக்கிறார், அல்லது முடியவில்லையே என்று மனதுக்குள் புழுங்கிக்கொண்டு வீடியோ காலில் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். மூன்றாம் மனிதர் ஒருவர் நடுவில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். செவ்வாய் இரவு யார் கூடப் படுத்துக்கொள்வது, ஹோம் நர்ஸுக்கு யார் சம்பளம், மாதத்தில் எந்த இரண்டு நாள் மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போகிறார், டாக்டரிடம் கேட்டதை எல்லோருக்கும் யார் சொல்வது என்று ஆளுக்கொரு வேலையாக அது பிரியும். நாத்தனாருக்கு அம்மா மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அழுவதற்குப் பதில், சனிக்கிழமை இரவே வந்து தங்கி அண்ணியைத் தூங்க விடலாம் என்று அவருக்கு ஒருவர் சொல்ல வேண்டும். அதை அண்ணி சொல்ல முடியாது.

தூக்கத்தை நான் சும்மா சொல்லவில்லை. வாழ்க்கைத் துணையைப் பார்த்துக்கொள்ளும் முதியவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஷுல்ஸ், பீச் என்ற ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள்: பராமரிப்பினால் மன உளைச்சலுக்கு ஆளானவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்பில் ஈடுபடாதவர்களைவிட 63 சதவீதம் அதிகம். பார்த்துக்கொள்வதே ஆளைக் கொல்லும் என்று இதை வாசிக்கக் கூடாது. உளைச்சல் இல்லாமல் பராமரித்தவர்களிடம் அப்படி ஓர் உயர்வு தெரியவில்லை. பராமரிப்பவர்கள் சராசரியாக மற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்வதாகக்கூடப் பிந்தைய ஆய்வுகள் உண்டு. மாற்று ஆளும் ஓய்வும் இல்லாமல் ஒருவர் மட்டுமே மாட்டிக்கொள்வதைத்தான் நாம் மாற்ற வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆகும் என்று கணித்திருக்கிறார்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 60ஐக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிடுகிறது. ஏறக்குறைய 88 லட்சம் பேர். இங்கே அடித்தளம் இல்லாமலும் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவை மருத்துவர் வ. செ. நடராசன் 1978இலேயே தொடங்கினார். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு மறதி நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் தனிச் சேவை நடத்துகிறது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தொலைபேசியில் 14567 முதியோர் உதவி எண். 14416 மனநல ஆலோசனை எண். இரண்டும் கட்டணமில்லாதவை, பராமரிப்பவரும் அழைக்கலாம்.

சட்டத்தின் பார்வை மட்டும் வேறு பக்கம் இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. கைவிடும் பிள்ளைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கைவிடப்பட்ட பெற்றோருக்கு அந்தச் சட்டம் தேவை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தரும் உதவி ஒன்றுமில்லை. ஜப்பான் 2000இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில் 40 வயதிலிருந்தே எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். தேவைப்படும் முதியவர் பகல் நேர மையத்துக்குப் போகலாம், சில நாள் தங்கியும் வரலாம். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் தன் வேலையைப் பார்க்கலாம், அல்லது படுத்துத் தூங்கலாம்.

அந்த அளவு பணம் நம்மிடம் நாளையே வந்துவிடாது. ஆனால் கோவாவில் பலன் தந்த முறையைத் தொடங்க நமக்குப் புதிய ஆட்கள்கூடத் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் போகின்றன. அந்தத் தன்னார்வலர் ஏற்கெனவே நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறார். முதியவருக்கு அந்த 15 கேள்விகள். பார்த்துக்கொள்பவருக்கு மூன்று: ராத்திரி தூங்குகிறீர்களா, உங்களுக்கு மாற்றாக யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது வெளியே போய் வந்தீர்கள். பதில் மோசமாக இருந்தால் வட்டார மருத்துவமனையில் குடும்பத்தை ஒருமுறை கூட்டிப் பேச ஒரு ஆலோசகர். இந்தப் பெண்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையை உயர்த்தாமல் இந்த வேலையையும் அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது. வீட்டுப் பெண்ணின் சுமையை இறக்கி இன்னொரு பெண்ணின் தலையில் வைப்பதாக அது ஆகிவிடும்.

அந்தத் தன்னார்வலர் போக வேண்டிய நேரம் இன்னொன்றும் உண்டு. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட 217 பேரிடம், நோயாளி இறந்த பிறகு ஷுல்ஸ் குழு பேசி 2003இல் வெளியிட்டது. அந்த மரணம் தங்களுக்கு விடுதலையாக இருந்தது என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள். ஆய்வாளரிடம் சொன்ன அதை அவர்கள் உறவினர்களிடம் சொல்லியிருப்பார்களா? நம் வீடுகளில் நிச்சயம் சொல்ல முடியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். பல வருடம் ஒரே ஒருவருக்காக எழுந்து, ஒரே ஒருவருக்காகச் சமைத்தவருக்கு அன்றிலிருந்து வேலை இருக்காது; நிம்மதி வரும், அந்த நிம்மதிக்காகக் குற்ற உணர்வும் வரும், இரண்டையும் சொல்ல ஆள் இருக்காது. முதியவரின் பெயரை இறந்தவர் என்று குறித்துக்கொண்டு பதிவேட்டை மூடிவிடாமல், கேள்வித்தாளோடு தன்னார்வலர் அந்த வீட்டுக்கு அதற்கடுத்த மாதமும், அதற்கும் அடுத்த மாதமும் போய்வர வேண்டும்.